பழைய 1060, புதிய 6500 எக்ஸ்டி: நோர்வூட்டில் ஏழு வாரச் சோதனை

ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறு எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தேர். காலை பத்து மணிக்குத் தொடங்கிய நேரலை பிற்பகல் இரண்டேகால் வரை ஒருமுறைகூட அறுபடவில்லை. மூன்று கமரா, ஒரு மைக், கூடவே முழுத் தரத்தில் பதிவும் ஓடியது. கணினியில் படத்தையும் வீடியோவையும் கையாளும் கிராபிக்ஸ் கார்டின் வெப்பம் 67 பாகையைத் தாண்டவில்லை. அந்தக் கார்டு 2016 ஜூலையில் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060, 6 கிகாபைட். ஏழு வாரத்துக்கு முன் இனி எதற்கும் ஆகாது என்று அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, 2022இல் வந்த புதிய கார்டு ஒன்றை 58,000 ரூபா கொடுத்து வாங்கியிருந்தேன். இடையில் நடந்ததை அளவுகளோடு எழுதி வைக்கிறேன். இலங்கை மலைநாட்டில் என்னைப் போலச் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவருக்காவது அந்தப் பணம் மிஞ்ச வேண்டும்.

முதலில் என் கணினியைப் பற்றி. இன்டெல் ஐ5-9400எஃப் செயலி, எச்310 மதர்போர்டு, 16 கிகாபைட் ரேம், 500 வாட் பவர் சப்ளை. இந்தச் செயலியின் பெயரில் உள்ள 'எஃப்' என்ற எழுத்தை நான் பொருட்படுத்தியதே இல்லை. செயலிக்குள் படம் காட்டும் பகுதி கிடையாது என்பது அதன் பொருள். கார்டைக் கழற்றினால் திரையே வராது. அதைவிடப் பெரிய விளைவும் அதற்கு உண்டு; பின்னால் வரும்.

ஜூன் கடைசியில் ஒரு திருமண வரவேற்பின் நேரலை மூன்று முறை நின்றது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கார்டின் விசிறி அலறுகிறது. வெப்பம் 83 பாகை. 83 ஒன்றும் அதிகம் இல்லையே என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. இந்தக் கார்டுக்கு 83 என்பது நிறுவனமே வைத்த எல்லை. அந்த எல்லையைத் தாண்டாமல் இருக்கக் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே வெப்பமானி பெரும்பாலும் 83தான் காட்டும். பார்க்க வேண்டியது வேகத்தை. வழக்கமாக 1,708 மெகாஹெர்ட்ஸை எட்டும் என்று அறிவிக்கப்பட்ட சில்லு என் மேசையில் 1,350க்கும் 1,450க்கும் இடையில் தவித்துக்கொண்டிருந்தது. அதைக் குறித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே திருகாணியைக் கழற்றியிருப்பேன்.

நம் ஊர்க் குளிர் இன்னொரு வகையிலும் ஏமாற்றுகிறது. அன்றிரவு அறையின் வெப்பம் 18 பாகை. அறையைவிடக் கார்டு 65 பாகை கூடுதலாகக் கொதிக்கிறது என்பதுதான் உண்மையான நிலைமை. இதே கார்டு கொழும்பில் 30 பாகை அறையில் இருந்திருந்தால் எப்போதோ படுத்திருக்கும். இங்கே காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து வரும் பனிக்காற்று அதன் நோயை மறைத்துவிட்டது. அதனால் இப்போது எந்த அளவை எழுதினாலும் பக்கத்தில் அறை வெப்பத்தையும் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இவையெல்லாம் தெரியாது. ஒன்பது ஆண்டு பழைய கார்டு, காலம் முடிந்துவிட்டது, புதிது வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு பஸ் ஏறி, பம்பலப்பிட்டியில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஒன்றை வாங்கினேன். வாங்கும்போது பெட்டியின் மேல் இருந்த மூன்று விடயங்களை மட்டும்தான் பார்த்தேன். 2022ஆம் ஆண்டு வெளியீடு. 6 நானோமீட்டர் தயாரிப்பு, பழையது 16 (எண் சிறிதானால் நுட்பம் புதியது). வேகம் 2,815 மெகாஹெர்ட்ஸ் வரை. கணக்கிடும் திறனும் 5.77 டெராஃப்ளொப்ஸ் (வினாடிக்கு அத்தனை இலட்சம் கோடிக் கணக்குகள்), 1060க்கு 4.4தான். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று கணக்குப் போட்டு மகிழ்ச்சியோடு மலையேறினேன்.

பழைய டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, முழுதாக அழித்துவிட்டு, புதியதைப் பொருத்தினேன். திரை வந்தது. விசிறிச் சத்தமே இல்லை. தம்பி ஜிடிஏ 5 விளையாட்டைப் போட்டுப் பார்த்தான், நன்றாக ஓடியது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் திருமண வீடியோவை வெளியெடுக்கப் போனபோது, மென்பொருளில் வன்பொருள் வழியாக, அதாவது கார்டை வைத்தே, எச்.264 என்ற வழக்கமான வீடியோ வடிவில் ஆக்கும் தெரிவு மங்கிக் கிடந்தது. டிரைவரை மாற்றினேன். மென்பொருளை மீண்டும் நிறுவினேன். விண்டோஸையே புதிதாகப் போட்டேன். இதற்கு நான்கு இரவுகள் போயின. ஐந்தாம் நாள்தான் கார்டின் விவரப் பட்டியலைக் கடைசி வரி வரை வாசித்தேன். அந்தச் சில்லில் வீடியோவைக் குறியாக்கும் பகுதியே வைக்கப்படவில்லை. வீடியோவைப் பார்க்கலாம்; ஆக்க முடியாது. மடிக்கணினியை மனதில் வைத்து வடிவமைத்த சில்லு அது. மடிக்கணினியில் அந்த வேலையைச் செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி செய்துவிடும். என் செயலியிலோ 'எஃப்' என்ற எழுத்து. இரண்டு இடத்திலும் இல்லாததை எந்த டிரைவர் கொண்டு வரும்? விளையாட மட்டும் வாங்குபவருக்கு இது ஒரு குறையே அல்ல. நேரலைக்கும் வீடியோவுக்கும் வாங்கிய நான்தான் வாசித்திருக்க வேண்டும்.

செயலியை வைத்தே சமாளிக்கலாம் என்று ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் முயன்றேன். அதில் ஆறு கருக்கள் (கோர்) இருக்கின்றன. நேரலை மட்டும் என்றால் தாங்குகிறது. மூன்று கமராவும் தனிப் பதிவும் சேர்ந்தால் திணறுகிறது. தரத்தை ஒரு படி குறைத்தால் ஓடும். ஆனால் கற்பூர ஆரத்தி காட்டும் இடத்தில் சுடரும் புகையும் சதுரம் சதுரமாக உடைந்துபோகும். துபாயிலிருந்து பார்க்கும் மகனுக்கும் கனடாவிலிருந்து பார்க்கும் சின்னம்மாவுக்கும் அந்த ஒரு நிமிடம்தான் முக்கியம். அதைக் கெடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கிடையில் தம்பி இன்னொரு முறைப்பாட்டோடு வந்தான். ஜிடிஏவில் படத் தரத்தை ஏற்றினால் நகருக்குள் வண்டி ஓட்டும்போது அடிக்கடி ஒரு நொடி உறைகிறது. பழைய கார்டில் இப்படி இல்லை என்றான். ஜிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருளைத் திறந்தேன். அதில் இணைப்பு என்ற வரியில் இருப்பது சும்மா இருக்கும் கணினியில் குறைத்தே காட்டும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திக் கார்டுக்கு வேலை கொடுத்தால்தான் உண்மை தெரியும். அழுத்தினேன். கார்டு: பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) 4.0, நான்கு தடம். இப்போது ஓடுவது: 3.0, நான்கு தடம்.

கார்டின் பொருத்தும் பகுதி பதினாறு தடத்துக்குரிய முழு நீளம்தான். ஆனால் உள்ளே இணைத்திருப்பது நான்கே. 4.0 போர்டில் நான்கு தடம் என்றால் வினாடிக்குச் சுமார் 7.9 கிகாபைட் போகும். என் எச்310 போர்டு 3.0, அதில் அது 3.9 ஆகப் பாதியாகிறது. பழைய 1060 அதே துளையில் பதினாறு தடத்திலும் பேசும்: வினாடிக்கு 15.7 கிகாபைட். கார்டின் சொந்த நினைவகம் போதுமாக இருக்கும்வரை இந்த வேறுபாடு தெரியாது. 6500இல் இருப்பது 4 கிகாபைட். அது நிரம்பி வழிந்ததும் மிச்சத்தைக் கணினியின் ரேமிலிருந்து இந்த ஒற்றையடிப் பாதை வழியாகத்தான் இழுக்க வேண்டும். அந்த இழுபறிதான் தம்பி கண்ட உறைவு.

அன்றைக்குத்தான் பெட்டியில் கிடந்த 1060ஐ வெளியே எடுத்தேன்.

என் கடைக்கு மேல் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கிருந்து வரும் மெல்லிய பழுப்புப் பஞ்சு எல்லாவற்றிலும் படியும். கார்டின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையில் அது ஈரத்தோடு சேர்ந்து கம்பளி போல அடைத்திருந்தது. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் அண்ணனிடம் காற்றுக் கம்பிரசர் கேட்டுப் போனேன். நான் குழாயை நீட்டுவதற்குள் அவர் தடுத்தார். "இரு தம்பி, முதலில் டாங்கியின் அடித் திறப்பைத் திறந்து தண்ணீரை விட வேண்டும். இந்த மழையில் காற்றோடு தண்ணீரும் வரும்." திறந்தார், ஒரு கோப்பையளவு துருத் தண்ணீர் வந்தது. அது என் கார்டின் மேல் விழுந்திருக்கும். விசிறி இதழ்களை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஊத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். காற்றில் அதிவேகமாகச் சுழல விட்டால் பேரிங் கெடும்.

ஊதியதில் மட்டும் 83 என்பது 79 ஆகியது. வேகம் 1,600ஐத் தொட்டது. போதவில்லை. ஆகவே திறந்தேன். பின்புறம் சில்லைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் திருகாணிகளையும் குறுக்குமறுக்காக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாகத் தளர்த்தினேன். விசிறி வயரின் செருகியை நகத்தால் மெதுவாக எடுத்தேன். சில்லின் வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு போலக் காய்ந்து உதிர்ந்தது. அதைத் துடைக்கக் கமரா வில்லைத் தாளும் ஐசோபுரொபைல் அல்ககோலும் போதும். மருந்துக் கடையில் கிடைத்தது 70 சதவீதம். அதில் தண்ணீர் மிச்சமிருக்கும் என்பதால் வேண்டாம் என்று விட்டு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 99 சதவீதம் வாங்கி வரச் சொன்னேன்.

திறந்த கார்டை வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் விவரப் பட்டியலில் வரும் ஒரு எண் எனக்கு விளங்கியது. நடுவில் 200 சதுர மில்லிமீட்டர் சில்லு. அதைச் சுற்றி ஆறு நினைவகச் சில்லுகள். ஒவ்வொன்றும் 1 கிகாபைட். ஒவ்வொன்றுக்கும் நடுச் சில்லிலிருந்து 32 பிட் அகலப் பாதை. ஆறு முப்பத்திரண்டு 192. இதுதான் '192 பிட்'. அந்த 192 பிட் இழைகளில் ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 8 கிகாபிட். 192ஐ எட்டால் வகுத்து (எட்டு பிட் ஒரு பைட்), 8 கிகாபிட் வேகத்தால் பெருக்கினால் வினாடிக்கு 192 கிகாபைட். புதிய 6500இல் பாதையின் அகலம் 64 பிட். அதாவது இரண்டு நினைவகச் சில்லுகள்தான். வேகம் 18 கிகாபிட் என்று இரு மடங்குக்கு மேல் இருந்தாலும், பெருக்கிப் பார்த்தால் 144 கிகாபைட். அதை ஈடுகட்ட 16 மெகாபைட் உள்நினைவகம் ஒன்றையும் சில்லுக்குள் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சிறிய வேலைகளில் அது பழையதற்குச் சமமாக ஓடுகிறது. நடுச் சில்லின் பரப்பே 107 சதுர மில்லிமீட்டர்தான். ஆறு ஆண்டு இடைவெளியில் நுட்பம் முன்னேறியது உண்மை. ஆனால் அந்த முன்னேற்றத்தை வைத்து, விலை குறைந்த சிறிய கார்டு ஒன்றைச் செய்திருக்கிறார்கள். 1060ஐவிடப் பெரிய கார்டை அல்ல. பெயரில் உள்ள எண்ணையும் ஆண்டையும் பார்த்தால் இது தெரியாது.

அடுத்தது நான் மிகவும் வருந்திய தவறு. நினைவகச் சில்லுகளின் மேல் இருந்த, வெப்பம் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேட்கள் எண்ணெய் கசிந்து கிழிந்திருந்தன. தடிப்பாக இருந்தால் நன்றாக ஒட்டும் என்று எண்ணி 1.5 மில்லிமீட்டர் பேட் வாங்கினேன். வெட்டி ஒட்டி, பச்சைப்பயறு அளவு புதிய பேஸ்ட் வைத்து மூடினேன். ஓட விட்டால் இரண்டே நிமிடத்தில் 88 பாகை. துப்புரவு செய்வதற்கு முன்பு இருந்ததைவிட மோசம். மீண்டும் திறந்தேன். பேஸ்ட் ஒரு ஓரத்தில் மட்டும் பட்டிருந்தது. மற்ற இடத்தில் நான் வைத்தபடியே குவியலாக இருந்தது. தடித்த பேட் ஹீட்சிங்கை மேலே தூக்கிவிட்டதால் சில்லோடு அது சேரவே இல்லை.

ஃபிட்டர் அண்ணன் தடிப்பை அளக்கும் வேர்னியர் தந்தார். குப்பையில் போட்டிருந்த பழைய பேட்டின் கிழியாத மூலையை அளந்தேன்: அழுந்திய நிலையில் 0.9 மில்லிமீட்டர். அப்படியென்றால் புதிதாக இருக்கும்போது 1.0. முதலிலேயே அளந்திருந்தால் 1,600 ரூபாவும் ஒரு வாரமும் மிஞ்சியிருக்கும். 1.0 பேட் வந்ததும் மாற்றினேன். அறை 19 பாகை, அரை மணி நேர முழுச் சுமை: 66 பாகை, 1,870 மெகாஹெர்ட்ஸ். அந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்துபோய் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

இரண்டு விசிறிகளில் ஒன்று கரகரத்தது. நடுவிலுள்ள ஒட்டியை நீக்கி, தையல் கடையில் வாங்கிய மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். எட்டு நாள் அமைதி. ஒன்பதாம் நாள் திரும்பவும் கரகரப்பு. பிறகு 85 மில்லிமீட்டர் இதழ் விட்டமும் அதே திருகாணி இடைவெளியும் அதே செருகியும் உள்ள விசிறியை 2,800 ரூபாவுக்கு வரவழைத்தேன். எண்ணெய் விடுவது விசிறி வந்து சேரும்வரை ஓட்டத்தான் உதவும்.

இப்போது ஒப்பிடலாம் என்று ஒரே வேலையை எல்லாவற்றிலும் செய்தேன். கொட்டகலையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் தன் ஆர்டிஎக்ஸ் 4060ஐ இரண்டு நாள் கொடுத்தான். வேலை: 18 நிமிடத் திருமண வீடியோ, 4கே பதிவு, நிறத் திருத்தத்தோடு 1080பி எச்.264 ஆக வெளியெடுப்பது. சுவர்ப் பிளக்கில் செருகும் மின் அளவியையும் பொருத்தினேன்.

1060, துப்புரவு செய்யும் முன்: 13 நிமிடம் 10 வினாடி. பின்: 9 நிமிடம் 40 வினாடி, முழுக் கணினிக்கும் 172 வாட். 6500 எக்ஸ்டி, குறியாக்கத்தைச் செயலி செய்ய: 27 நிமிடம் 20 வினாடி, 118 வாட். 4060: 6 நிமிடம் 5 வினாடி, 158 வாட்.

வாட்டை மட்டும் பார்த்தால் 6500 சிக்கனமானது போலத் தெரியும். நேரத்தால் பெருக்கினால் கதை மாறுகிறது. ஒரு வீடியோவுக்கு 1060 எடுத்தது ஏறத்தாழ 28 வாட்-மணி. 6500 எடுத்தது 54. 4060 எடுத்தது 16 மட்டுமே. மின் கட்டணம் வருவது இந்தக் கணக்குப்படிதான்.

விளையாட்டில் தம்பியின் எண்கள் (வினாடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கில்): ஜிடிஏ 5, நடுத்தர அமைப்பில் 1060 சராசரி 84, 6500 சராசரி 86. படத் தரத்தை ஏற்றி நினைவகத் தேவை 4 கிகாபைட்டைத் தாண்டியதும் 1060 சராசரி 62, மிகக் குறைந்தது 44. 6500 சராசரி 49, மிகக் குறைந்தது 17. அந்தப் பதினேழில்தான் வண்டி சுவரில் மோதுகிறது.

4060ஐப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஜூனில் வந்த அது 3,072 கருக்கள், 8 கிகாபைட், 128 பிட், வினாடிக்கு 272 கிகாபைட் என்று 1060ஐ எல்லா வரியிலும் முந்துகிறது, பாதையின் அகலத்தைத் தவிர. தடம் எட்டுதான், ஆனால் என் 3.0 போர்டில்கூட வினாடிக்கு 7.9 கிகாபைட் கிடைப்பதாலும், 8 கிகாபைட் நினைவகம் எளிதில் நிரம்பாததாலும் நான் எந்தத் தடங்கலும் காணவில்லை. 1060 ஆக்க முடியாத ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவிலும் ஆக்கித் தருகிறது. ஆரத்திச் சுடரை ஒரே பிட் அளவில் இரண்டிலும் பதிந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 4060இல் புகை இழை இழையாகத் தெரிந்தது. எனக்கு அது வேண்டும். கொழும்பில் சொன்ன விலை 125,000 ரூபா. இப்போதைக்குக் கை எட்டாது. இன்டெல் ஆர்க் ஏ380 என்ற கார்டிலும் ஏவி1 உண்டு, விலையும் குறைவு என்று அந்த மாணவன் சொன்னான். ஆனால் அது ஒழுங்காக ஓட ரீசைசபிள் பார் (செயலி கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரேயடியாக அணுகுவது) என்ற வசதியுள்ள போர்டு வேண்டும். இன்டெல் தன் பத்தாம் தலைமுறையிலிருந்துதான் பரிந்துரைக்கிறது. என்னுடையது ஒன்பது.

1060இன் நாள்களும் எண்ணப்பட்டவைதான். அந்தத் தலைமுறைக்கான புதிய டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நிற்கும் என்றும், அதன் பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்றும் அதைச் செய்த என்விடியா நிறுவனம் 2025இல் அறிவித்தது. என் நேரலைக்கு அது போதும். அந்த மூன்று ஆண்டில் மாதம் மூவாயிரத்து ஐநூறு ரூபா ஒதுக்கினால் 4060 அளவில் ஒன்று வந்துவிடும்.

செலவு: பேஸ்ட் 1,900, தவறான பேட் 1,600, சரியான பேட் 1,400, அல்ககோல் 900, விசிறி 2,800. மொத்தம் 8,600 ரூபா. 6500ஐ விளையாட மட்டும் தேவைப்பட்ட தலவாக்கலைப் பையன் ஒருவனுக்கு, குறியாக்கும் பகுதி இல்லை என்பதைச் சொல்லி, அவன் போர்டு 4.0 என்பதையும் உறுதி செய்துகொண்டு, 44,000க்குக் கொடுத்தேன். அதில் 14,000 நட்டம். அவனுடைய கணினியில் அது அழகாக ஓடுகிறது; போய்ப் பார்த்தேன்.

இனி எந்தக் கார்டை வாங்கினாலும், கடைக்காரர் பெட்டியை எடுத்து நீட்டும் முன் நினைவகப் பாதையின் அகலம், தடங்களின் எண்ணிக்கை, குறியாக்கும் பகுதி, என் போர்டின் தலைமுறை ஆகிய நான்கையும் தாளில் எழுதிக் கொண்டு போவேன். கார்டைத் திறப்பதற்கு முன்பே விசிறியை வரவழைப்பேன். பேட்டை அளக்காமல் பழையதை எறியமாட்டேன்.

கணினிப் பெட்டியின் உள்பக்கக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "பேட் 1.0 மி.மீ. விசிறி 85 மி.மீ. அறை 19, கார்டு 66, வேகம் 1,870." அதன் கீழே ஆறு மாதத்துக்கு ஒரு வரி எழுத இடம் விட்டிருக்கிறது. பக்கத்தில் ஈரம் உறிஞ்ச இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் தொங்குகிறது. முதல் வரியைத் தை மாதத்தில் எழுத வேண்டும்.